பேச்சு நின்ற இடம்

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒருமுறை சுற்றி வந்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று போனால் 5 கிலோமீட்டர் கணக்குத் தீர்ந்துவிடும். புதிதாக ஓடப் பழகுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் ஊருக்குள் கிடையாது. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதத்தில், நானும் என் மனைவியும் அங்கேதான் தொடங்கினோம். டிசம்பரில் நடக்கவிருந்த 5 கிலோமீட்டர் சாலை ஓட்டம் ஒன்றுக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். எனக்கு 49 வயது, அவளுக்கு 44. இருவருக்குமே அதுதான் முதல் போட்டி.

அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒரு நாளைக்கு ஆறு பீரியட் பேசிப் பழகிய தொண்டை. வீட்டுக்கு வந்தும் வகுப்பில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க மாட்டாள். பழக ஆரம்பித்த இரண்டாவது வாரம், முதல் சுற்றின் பாதியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி ஆரம்பித்தாள்.

"தினமும் லேட்டுங்க அவன். நானும் திட்டிப் பார்த்தேன், வெளிய நிக்க வெச்சுப் பார்த்தேன். நேத்துத்தான் தனியாக் கூப்பிட்டு..."

அதோடு நின்றுவிட்டது. ஏதோ யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் ஓடினேன். நூறு மீட்டர் தாண்டி, "நீங்க போங்க, நான் பொறகால வர்றேன்" என்றாள். மூன்று மூன்று சொல்லாக, இடையில் மூச்சு வாங்கி.

நான் போய்விட்டேன். இரண்டு சுற்றையும் முடித்து, வண்டியில் சாய்ந்துகொண்டு தண்ணீர் குடித்து, அவளுக்காக ஒன்பது நிமிடம் காத்திருந்தேன். வந்தபோது உதடு வெளுத்திருந்தது. "அசதியா இருக்குங்க, வேறொண்ணுமில்லை" என்றாள். அசதி என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டில் பல வருடங்களாகப் புழங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, பரீட்சைத் தாள் என்று ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அதனால் இருவருமே அதற்கு மேல் கேட்டதில்லை.

இந்த அத்தியாயம் அந்தப் பாதியில் நின்ற வாக்கியத்தைப் பற்றியது. ஓடுகிற உடம்பைப் பற்றி ஒரு சோதனைச்சாலை சொல்லக்கூடியதில் பெரும்பகுதியை அந்த வாக்கியமே எனக்குச் சொல்லிவிட்டிருந்தது. கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

நாம் பேசுவது மூச்சை வெளியே விடும்போதுதான். சும்மா இருக்கும்போது மூச்சு உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் பெரிய வித்தியாசமில்லாத நேரம் பிடிக்கிறது. பேச ஆரம்பித்ததும் இந்த விகிதம் மாறிவிடுகிறது. சட்டென்று ஒரு வாய்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அதை நீட்டி நீட்டி, குரல்நாண்கள் வழியாகச் சிறுகச் சிறுகச் செலவழிக்கிறோம். ஒரு நீளமான வாக்கியத்தைப் பேசி முடிப்பதென்றால், அவ்வளவு நேரம் அடுத்த மூச்சை எடுக்காமல் ஒத்திப்போடுகிறோம் என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போது அது பெரிய காரியமில்லை.

ஓடும்போது கதை வேறு. தசைகள் எரிபொருளை எரிக்க எரிக்கக் கரியமில வாயு இரத்தத்தில் சேர்கிறது. அதைக் கவனிக்க மூளைத்தண்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கழுத்தின் இருபுறமும், தமனி இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில், அரிசிமணி அளவில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. கரியமில வாயு கொஞ்சம் கூடினாலும் மூச்சை வேகப்படுத்தச் சொல்லி இவை உத்தரவு போடும். மெதுவாக ஓடும்வரை மூச்சு, தேவைக்கு ஏற்ப ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும். வேகம் ஓர் அளவைத் தாண்டினால், தசைகள் ஆக்சிஜனுக்குக் காத்திராத அவசர வழியில் சர்க்கரையை உடைக்கும் வேலையைக் கூட்டிவிடுகின்றன. அப்போது இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறப் பார்க்கிறது. அதைச் சமன்செய்ய இரத்தத்திலேயே பைகார்பனேட் இருக்கிறது. சமையல் சோடாவில் இருப்பதும் அதுதான். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டால் நுரைத்துப் பொங்குகிறதே, அந்த நுரை முழுக்கக் கரியமில வாயு. நம் இரத்தத்திலும் அதே வினை நடக்கிறது. அமிலம் அடங்குகிறது, ஆனால் வெளியேற்ற வேண்டிய கரியமில வாயு கூடிவிடுகிறது. மூச்சு திடீரென்று எகிறும் இடம் இதுதான். அதற்குப் பிறகு அடுத்த மூச்சை ஒத்திப்போட உடம்பு அனுமதிப்பதில்லை. வாக்கியம் மூன்று சொல்லில் அறுந்துவிடுகிறது.

ஓட்டப் பயிற்சியாளர்கள் இதை 'டாக் டெஸ்ட்' என்பார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஃபாஸ்டரும் ஜான் போர்காரியும் இதை டிரெட்மில்லில் ஆட்களை ஓடவிட்டு, ஒரு பத்தியை உரக்கச் சொல்லவைத்துச் சோதித்தார்கள். சிரமமில்லாமல் பேச முடிகிற கடைசி வேகமும், முகமூடியும் வாயு அளக்கும் கருவியும் வைத்துக் கண்டுபிடிக்கிற மூச்சு எகிறும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி காட்டுகிற எல்லையை ஒரு வாக்கியம் காட்டிவிடுகிறது. தனியாக ஓடுகிறவர் இந்தச் சோதனையைத் தனக்குத்தானே செய்துகொள்ள மெனக்கெட வேண்டும். பக்கத்தில் ஒருவர் கூட ஓடினால் அது தானாகவே நடந்துகொண்டிருக்கும். ஜோடியாக ஓடுவதில் நான் கண்ட முதல் பெரிய லாபம் இது.

என் கணக்கு அன்று இப்படி இருந்தது: இருவரும் ஒரே வேகத்தில் ஓடுகிறோம், எனக்குப் பேச வருகிறது, அவளுக்கு வரவில்லை, ஆகவே அவளுக்குப் பழக்கம் போதவில்லை. பழக்கம் இருவருக்குமே இரண்டு வாரம்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது எங்கள் தெரு டாக்டரம்மாவுக்கு. காய்ச்சலுக்காக வேறொரு நாள் போனபோது, என் மனைவியின் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தவர், மாடிப்படி ஏறினால் படபடப்பு வருமா என்று கேட்டார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 9.6 கிராம் என்று ரிப்போர்ட் வந்தது. கர்ப்பிணியாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எனக்கும் சேர்த்துப் பார்த்தோம். 14.8.

இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிராம் ஹீமோகுளோபின், முழுக்க நிரம்பினால், ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 14.8 கிராம் இருந்தால் 19.8 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 9.6 கிராம் இருந்தால் 12.9 மில்லிலிட்டர். அவள் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளிய இரத்தம், என் இரத்தம் சுமப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜனைத்தான் சுமந்துகொண்டு போயிருக்கிறது. குறையை ஈடுகட்ட இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு உச்சம் உண்டு. நான் சௌகரியமாகப் பேசிக்கொண்டு ஓடிய வேகத்தில் அவள் தன் எல்லையைத் தாண்டி ஓடியிருக்கிறாள். அதுவும் சும்மா ஓடவில்லை, என் கூடவே, ஒரு முழுச் சுற்றின் பாதிவரை.

ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது இரும்பு. அவளுக்குக் குறைந்திருந்ததும் அதுதான். ஆனால் இரும்பின் வேலை இரத்தத்தோடு முடிவதில்லை. தசைக்குள் ஆக்சிஜனை வாங்கி வைத்துக்கொள்ளும் மயோகுளோபினின் நடுவிலும் இரும்பு அணு ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில், எலக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களுக்கும் இரும்பு வேண்டும். சுமக்க, வாங்கி வைக்க, எரிக்க என்று மூன்று இடத்திலும் அதே உலோகம். ஆகவே இரும்புக் குறைவு என்றால் வண்டியில் சரக்கு குறைவதோடு, கிடங்கும் அடுப்பும் சேர்ந்தே சிறுத்துப்போகும்.

இது எங்கள் வீட்டு விஷயம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் அது பாதிக்கு மேல். அதே வயது ஆண்களில் நாட்டளவில் 25 சதவீதம். கணவனும் மனைவியுமாக ஓட வருகிற ஜோடிகளை ரேஸ்கோர்ஸில் இப்போது பார்க்கும்போதெல்லாம், ஓரடி பின்னால் பேசாமல் வருகிற பெண்ணைத்தான் என் கண் தேடுகிறது. ஓடப் பழக ஆரம்பிப்பதற்கு முன் ஷூ வாங்குவதைப் போலவே ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். ஷூவைவிட அது பல மடங்கு மலிவு.

டாக்டரம்மா இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து, முதல் மாதம் ஓட்டம் வேண்டாம், நடந்தால் போதும் என்றார். கூடவே காபியைப் பற்றியும் ஒரு நிபந்தனை போட்டார். காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உள்ளே போகவிடாமல் செய்துவிடும். வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக உதவும். காலையில் எழுந்ததும் டபரா டம்ளரோடு உட்காருகிற வீட்டில், மாத்திரை எலுமிச்சைச் சாறோடும் ஃபில்டர் காபி இரண்டு மணி நேரம் தள்ளியும் என்று மாறியது. அவளுக்காக நானும் தள்ளிக் குடித்தேன். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால் இரத்தம் தேறுவது வாரக் கணக்கில் நடக்காது, மாதக் கணக்கில்தான். செப்டம்பர் இறுதியில் 10.7. நவம்பர் நடுவில் 12.1.

நடந்த அந்த மாதத்தில் இன்னொரு விஷயம் பிடிபட்டது. நான் விறுவிறுவென்று நடந்தால் அவள் என்னோடு வர ஓட வேண்டியிருந்தது. ஒரே வேகம்தான், எனக்கு அது நடை, அவளுக்கு ஓட்டம். ஏன் என்பதற்குத் துல்லியமான பதில் இருக்கிறது.

நடக்கும்போது எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஊன்றிய கால் விறைப்பாக நிற்க, உடம்பு அதன் மேல் ஒரு வளைவில் ஏறி இறங்குகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல்போல என்று வைத்துக்கொள்ளலாம். வளைவில் போகிற எதையும் மையத்தை நோக்கி இழுத்துப் பிடிக்க ஒரு விசை வேண்டும். இங்கே அதைத் தருவது புவியீர்ப்பு மட்டும். வேகம் கூடக் கூடத் தேவைப்படும் விசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஓர் அளவுக்கு மேல் புவியீர்ப்பால் பிடிக்க முடியாமல் கால் தரையைவிட்டு எழும்பிவிடும். பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர் இதை ஓர் எளிய விகிதமாக எடுத்துக்காட்டினார்: வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கம், கால் நீளம் இரண்டின் பெருக்கலால் வகுக்க வேண்டும். இந்த விகிதம் அரையைத் தொடும் இடத்தில் மனிதர்களும் பல விலங்குகளும் நடையைவிட்டு ஓட்டத்துக்கு மாறிவிடுகிறார்கள். கப்பல் கட்டும் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் அலைகளுக்காகக் கண்டுபிடித்த எண் இது. கால்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

தையல் டேப்பை எடுத்து இடுப்பு மூட்டிலிருந்து தரைவரை அளந்தோம். எனக்கு 90 சென்டிமீட்டர், அவளுக்கு 78. கணக்குப் போட்டால் நான் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாற வேண்டிய வேகம் மணிக்கு 7.6 கிலோமீட்டர். அவளுக்கு 7. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த வேகத்தில் போனாலும் அவள் ஓடுவாள், நான் நடப்பேன். எங்கள் கிராமத்தில் வண்டிக்கு மாடு பூட்டுகிறவர்கள் ஜோடி சேர்க்கும்போது உயரமும் நடையும் ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ரேக்ளாவுக்கு என்றால் கேட்கவே வேண்டாம், நாள் கணக்கில் அலைந்து ஜோடி பிடிப்பார்கள். கல்யாணத்தில் யாரும் கால் நீளம் பார்ப்பதில்லை. அதனால் சேர்ந்து ஓடுகிற தம்பதிகளில் பெரும்பாலும் ஒருவர் தனக்கு இயல்பில்லாத வேகத்தில்தான் போயாக வேண்டும். அது யார் என்பதை மூச்சு தீர்மானிக்க வேண்டும், யார் முன்னால் போகிறார் என்பது தீர்மானிக்கக் கூடாது.

மெதுவாகப் போனால் தன் உடற்பயிற்சி வீணாகிவிடும் என்று வேகமாக ஓடுகிறவர்கள் நினைப்பதுண்டு. நானும் நினைத்தேன். ஓட்டத்தின் கணக்கு அப்படியில்லை. ஒரு கிலோமீட்டரை ஓடிக் கடக்க, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இது அதிகம் மாறுவதில்லை. வேகமாக ஓடினால் நிமிடத்துக்கு அதிகம் எரிகிறது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 74 கிலோ எடையுள்ள நான் 5 கிலோமீட்டருக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 370. 58 கிலோ உள்ள அவளுக்கு 290. முப்பது நிமிடத்தில் முடித்தாலும் நாற்பதில் முடித்தாலும் அதே கணக்குதான்.

முன்னால் ஓடிக் காற்றைத் தடுத்துக் கொடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். 41 பேர் முறைபோட்டு மாறி மாறி அவரைச் சூழ்ந்து ஓடிக் காற்றைப் பிளந்து கொடுத்தார்கள். ஆனால் கிப்சோகேயின் வேகம் நொடிக்கு 5.9 மீட்டர். எங்களுடையது 2 மீட்டர். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், எங்கள் மேல் படுவது அவர் மேல் படுவதில் எட்டில் ஒரு பங்குகூட வராது. எங்கள் வேகத்தில் முன்னால் போவதால் ஒரு பயனும் இல்லை. பக்கத்தில் ஓடினால் பேச்சாவது காதில் விழும்.

செப்டம்பர் நடுவில், டாக்டரம்மா சம்மதித்த பிறகு, ஒழுங்கான திட்டத்தோடு மறுபடி ஆரம்பித்தோம். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், தன் அம்மாவைப் போன்றவர்களும் மலைக்காமல் தொடங்க வேண்டும் என்று எழுதிய ஒன்பது வாரத் திட்டம் அது. வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை, மாற்றி மாற்றி இருபது நிமிடம். பார்த்தால் குழந்தை விளையாட்டு போல இருக்கும். அதில் உள்ள பொறுமைக்கு உடற்கூறு சார்ந்த காரணம் இருக்கிறது. இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். எலும்பும் தசைநாணும் அப்படியில்லை, அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். மெதுவான ஓட்டத்தில்கூட ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசை காலில் இறங்குகிறது. 5 கிலோமீட்டருக்கு ஆறாயிரம் அடிக்குமேல் வைக்கிறோம். மூச்சு தேறிவிட்டதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் கணுக்காலும் கெண்டைக்காலும் மக்கர் செய்யும். நடுவில் வரும் அந்த 90 நொடி நடை, எங்கள் பேச்சுக்கும் இடம் கொடுத்தது.

இனி, கூட ஒருவர் ஓடுவதால் என்ன ஆகிறது என்பதற்கு வருகிறேன். இதைப் பற்றிய ஆராய்ச்சி நூறு ஆண்டுக்கும் மேல் பழையது, படிக்கப் படிக்கச் சுவாரசியமானது.

1898-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் நார்மன் டிரிப்லெட், சைக்கிள் பந்தயப் பதிவேடுகளைப் புரட்டியபோது, தனியாக நேரத்தோடு போட்டியிட்டவர்களைவிடக் கூட ஆள் இருந்தவர்கள் வேகமாகப் போயிருப்பதைக் கண்டார். குழந்தைகளைத் தூண்டில் உருளை சுற்றவைத்தும் சோதித்தார். ஆள் இருந்தால் வேகம் கூடும் என்று அப்போது முடிவாயிற்று. பிறகு வந்தவர்களின் சோதனைகளில் சில சமயம் வேகம் கூடியது, சில சமயம் குறைந்தது. 1960-களில் ராபர்ட் ஸாயன்ட்ஸ் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். நன்றாகப் பழகிய, நேரான வேலையென்றால் கூட்டு உதவும். பழகாத, சிக்கலான வேலையென்றால் கெடுக்கும். இதை அவரும் சகாக்களும் 1969-ல் கரப்பான்பூச்சிகளை வைத்துக் காட்டினார்கள். வெளிச்சத்துக்குப் பயந்து இருட்டை நோக்கி ஓடும் பூச்சிகள், நேரான பாதையில் ஜோடியாக விட்டபோது வேகமாக ஓடின. வளைந்து திரும்பும் பாதையில் ஜோடியாக விட்டபோது தாமதமாயின. இவ்வளவு எளிய நரம்பு மண்டலத்திலேயே இந்த விதி வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கூட ஒருவர் இருப்பதே உடம்பை முடுக்கிவிடுகிறது. முடுக்கம் நல்லதா கெட்டதா என்பது வேலையைப் பொறுத்தது.

எங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானியர் செய்தது. 1920-களில் பெர்லின் படகுக் கழகத்து ஆட்களைத் தனித்தனியாக எடை தூக்கவைத்தார். பிறகு இருவரைச் சேர்த்து, இரண்டு மடங்கு எடையைச் சேர்ந்து தூக்கவைத்தார். ஒருவர் விட்டால் இன்னொருவராலும் தொடர முடியாது. அதாவது ஜோடியின் முடிவு பலவீனமானவரின் கையில். அப்போது அந்தப் பலவீனமானவர், தனியாக இருந்தபோது முடிந்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் பலத்துக்கும் இடைவெளி ரொம்பச் சிறிதாகவும் இல்லாமல், ரொம்பப் பெரிதாகவும் இல்லாமல் இருந்தபோது இந்த விளைவு உச்சத்தில் இருந்தது.

இதைப் படித்தபோது ஆகஸ்ட் மாதத்து அந்தக் காலை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. தன்னால் இன்னொருவர் நிற்க வேண்டிவருமே என்ற நினைப்பு, ஒருவரைத் தன் எல்லைக்கு அப்பாலும் தள்ளும். உடம்பில் தெம்பு இருந்தால் அது வரம். 9.6 கிராம் ஹீமோகுளோபினோடு ஓடுகிற ஒருவருக்கு அது ஆபத்து. அவள் கால் என்னோடு வந்தது, முகம் சிரித்தது, 'அசதி' என்று வாய் சமாளித்தது. பேச்சு மட்டும் சமாளிக்கவில்லை. மூச்சின் வேதியியல் வெட்கத்துக்கும் விட்டுக்கொடுப்புக்கும் கட்டுப்படுவதில்லை. ஆகவே கூட்டு தருகிற முடுக்கத்தை நம்பலாம், ஆனால் கூடவே பேச்சைக் காவல் வைக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தம் அப்படித்தான் எழுந்தது: முதலில் யாருக்குப் பேச்சு அறுகிறதோ, அவர் கேட்கும்வரை காத்திராமல் மற்றவர் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பார்வையற்ற ஓட்ட வீரர்களும் அவர்களின் வழிகாட்டிகளும் இதை எப்போதோ கண்டுகொண்டவர்கள். பாராலிம்பிக்கில் இருவர் கைகளையும் ஒரு சிறு கயிறு இணைத்திருக்கும். கையும் காலும் ஒரே தாளத்தில் வீசும். வளைவு வருகிறது, இன்னும் இவ்வளவு தூரம் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். வீரரைவிட வேகமாக ஓடக்கூடியவர்தான் வழிகாட்டியாக இருக்க முடியும், பேசுவதற்கு அவருக்கு மூச்சு மிச்சம் வேண்டும் அல்லவா. எல்லைக்கோட்டை வீரருக்கு முன்னால் வழிகாட்டி தாண்டக் கூடாது என்பதும் விதி.

அந்தத் தாளம் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் போகிறவர்களின் அடிகள் அவர்கள் அறியாமலே சேர்ந்துகொள்ளும். 2009-ல் பெர்லினில் உசேன் போல்ட் 9.58 நொடியில் 100 மீட்டர் ஓடியபோது, பக்கத்தில் ஓடிய டைசன் கே-யின் அடிகளோடு அவருடைய அடிகள் அவ்வப்போது ஒத்துப்போனதைக் காணொளியை அலசிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். உலகின் மிக வேகமான மனிதருக்கே அப்படி. சேர்ந்த தாளத்துக்கு வலியைத் தாங்கும் சக்தியும் உண்டு. ஆக்ஸ்போர்டு படகு வீரர்கள் 12 பேரை உடற்பயிற்சித் துடுப்புப் பொறியில் 45 நிமிடம் தனியாகவும் குழுவாகவும் உழைக்கவைத்து, 2010-ல் எம்மா கோஹனும் ராபின் டன்பாரும் சகாக்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உழைப்பு ஒன்றாக இருந்தும், சேர்ந்து துடுப்பிட்ட பிறகு வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபினே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நவம்பர் கடைசியில் எங்கள் ஷூக்கள் சில நிமிடங்களுக்கு ஒரே சத்தமாக விழும், பிறகு என் நீண்ட கால் பிசகி இரண்டாகும், மறுபடி சேரும். அந்த ஒற்றைச் சத்தத்துக்காகவே நான் எழுந்து போன காலைகள் உண்டு.

போட்டி நாள். டிசம்பர் மூன்றாம் ஞாயிறு, பனி இறங்கிய கோவைக் காலை. போட்டி எண் எழுதிய பிப்பை நாலு ஊக்குகளால் ஒருவருக்கொருவர் குத்திவிட்டுக்கொண்டோம். அவள் விரல் சில்லென்று இருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு, மேடையில் வார்ம்-அப், நூற்றுக்கணக்கான ஆட்கள். ஓடத் தொடங்கும் முன்பே இதயம் வேகம் பிடித்துவிடும், மூளை முன்கூட்டியே அட்ரினலினைத் திறந்துவிடுகிறது. முதல் போட்டியில் எல்லோரும் செய்யும் தவறு இங்கேதான் பிறக்கிறது. தொடக்கக் கோட்டைத் தாண்டியதும் கூட்டத்தோடு பாய்ந்துவிடுவார்கள், சுகமாகவும் இருக்கும். காரணம், தசைக்கு ஆக்சிஜன் வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை தசையிலேயே இருப்பில் உள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டும் அவசர வழிச் சர்க்கரையும் செலவை ஏற்றுக்கொள்ளும். வேகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கடன் ஏறும். ஐந்தாவது நிமிடத்தில் மூச்சு அதை வசூலிக்கும்.

எங்களையும் கூட்டம் இழுத்தது. முதல் 300 மீட்டர் போய்விட்டோம். அவள் என் மணிக்கட்டைத் தொட்டாள். நான் குறைத்தேன். எங்களைத் தாண்டிப் பள்ளிப் பிள்ளைகள் போனார்கள், எழுபது வயதுப் பெரியவர் ஒருவரும் போனார். முதல் கிலோமீட்டர் பலகை எட்டரை நிமிடத்தில் வந்தது.

1981 மார்ச் 29 அன்று முதல் லண்டன் மாரத்தான் நடந்தபோது, கடைசிவரை சேர்ந்தே ஓடிய அமெரிக்கர் டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேக்காரர் சிமோன்சனும் கையைக் கோத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினார்கள். முதலிடம் இருவருக்கும். அந்தக் காட்சியின் படத்தை நான் அவளிடம் காட்டியிருந்தேன். நாமும் அப்படி முடிக்கலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். மூன்றாவது கிலோமீட்டரில் சிறு மேடு வந்தது. அங்கே இருவரும் பேசவில்லை, என் மூச்சும் ஏறியிருந்தது. இறங்கியதும் நான் குறைக்கப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

நான்காவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டிய பிறகு, நான் எதுவும் கேட்காமலே அவள் ஆரம்பித்தாள்.

"அந்தப் பையன், ஆகஸ்ட்ல சொன்னேனே, லேட்டா வர்றவன். அவங்கம்மா காலையில அஞ்சரைக்கே மில்லுக்குப் போயிடறாங்களாம், அவங்க வீதியில எட்டரைக்குத்தான் தண்ணி விடறாங்க, இவன்தான் எல்லாக் குடத்துலயும் புடிச்சு வெச்சுட்டு வரணுமாம். நான் திட்டுனப்பெல்லாம் அவன் ஒரு வார்த்தை சொல்லலைங்க."

இடையில் எங்கும் அறுபடாமல் முழுதாக வந்தது. அப்போது எங்கள் வேகம் மணிக்கு ஏழேகால் கிலோமீட்டர், அவள் கால் ஓடிக்கொண்டிருந்தது, என் கால் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் தடுமாறிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் விஷயத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன். ஹெச்.எம்.மிடம் பேசி முதல் பீரியட் வருகையில் அவனுக்கு விலக்கு வாங்கியது, பிறகு அவன் கணக்கு நோட்டு, அவன் கையெழுத்து என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லைக்கோடு கண்ணில் பட்டபோதும் நிறுத்தவில்லை. 41 நிமிடம் 20 நொடி. கையைக் கோக்க வேண்டும் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது.